ஒரகடத்து வெப்சைட்டுக்கு எந்த ஓ.எஸ். போடலாம்?

ராயல் என்ஃபீல்டு 2018-இல் கிளாசிக் 500 பெகாசஸ் என்று ஒரு சிறப்புப் பதிப்பு விட்டது. இரண்டாம் உலகப்போரில் பாராசூட்டில் இறக்கிய குட்டி வண்டியின் நினைவாக வந்த பைக். உலகம் முழுவதற்கும் 1,000 வண்டி, அதில் இந்தியாவுக்கு 250. விற்பனை இணையத்தில் மட்டும். ஜூலை 10 அன்று விற்பனை தொடங்கும் நேரத்தில் கூட்டம் தாங்காமல் வெப்சைட் படுத்துவிட்டது. தேதியைத் தள்ளி ஜூலை 25 அன்று மறுபடி திறந்தார்கள். 178 விநாடியில் 250 வண்டியும் தீர்ந்தது. ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் ஆலை வைத்திருக்கும் கம்பெனி என்பதால் எங்கள் பக்கத்து ஐ.டி. ஆட்கள் அதைக் கொஞ்ச நாள் பேசிக்கொண்டிருந்தோம்.

அதற்கு முந்தைய வருஷம் இன்னொன்று நடந்தது. 2017 மே 12, வெள்ளிக்கிழமை. வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் உலகம் முழுக்கப் பரவியது. இங்கிலாந்தில் அரசு மருத்துவமனைகள் திணறின. ரெனோ-நிசான் கூட்டணிக்குப் பிரான்ஸ், இங்கிலாந்து உட்படப் பல நாட்டு ஆலைகளில் உற்பத்தி நின்றது அல்லது குறைந்தது. அந்தப் பட்டியலில் நம் ஒரகடம் ஆலையும் இருந்தது. கார் செய்யும் இடத்தை ஒரு கம்ப்யூட்டர் புழு நிறுத்தும் என்பதை இந்த வட்டாரம் பக்கத்தில் இருந்து பார்த்தது அப்போதுதான்.

சர்வருக்கு ஓ.எஸ். தேடும் எல்லோரும் முதல் கதையை மனதில் வைத்துக்கொண்டு தேடுகிறார்கள். எது வேகம், எது கூட்டம் தாங்கும் என்று. இரண்டாவது கதையை வைத்துத் தேட வேண்டும் என்பது என் கட்சி. அதற்குத்தான் இந்த நீளப் பதிவு.

கூட்டம் தாங்குவது யார் வேலை?

சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு உதிரிபாக கம்பெனியில் ஐ.டி. பார்க்கும் தம்பி ஒருவர் அடிக்கடி பேசுவார். அவர்கள் பழைய வெண்டார் போர்ட்டலை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுகிறார்கள். சப்ளையர்கள் லோடு அனுப்புமுன் ஏ.எஸ்.என். (அனுப்புகை முன்னறிவிப்பு) போடுவது, பில் நிலவரம் பார்ப்பது, தர அறிக்கை ஏற்றுவது எல்லாம் அதில்தான். கூடவே ஆள் எடுக்கும் பக்கமும் உண்டு. டிப்ளமோ, ஐ.டி.ஐ. பசங்களுக்கு வேலை என்று ஒரு அறிவிப்பு வாட்ஸ்அப்பில் சுற்றினால் போதும், ஒரே ராத்திரியில் மாவட்டம் முழுக்க உள்ளே வந்துவிடும். "அண்ணா, உபுண்டுவா, ரெட் ஹாட்டா, விண்டோஸா? ஒரே வார்த்தையில சொல்லுங்கணா" என்றார்.

ஒரே வார்த்தையில் சொல்லலாம். ஆனால் அதற்கு முன்னால், அவர் பயப்படும் கூட்டத்தைப் பற்றிப் பேசிவிடலாம்.

1999-இல் டான் கேகல் என்பவர், ஒரே சர்வர் பத்தாயிரம் பேரை ஒரே நேரத்தில் தாங்குமா என்று கேட்டு ஒரு கட்டுரை எழுதினார். அன்றைக்கு அது நிஜமாகவே ஓ.எஸ். பிரச்சினை. ஒவ்வொரு இணைப்பையும் "உனக்கு ஏதாவது வந்திருக்கிறதா?" என்று வரிசையாகத் தட்டிக் கேட்கும் பழைய முறையில் கர்னலே களைத்துவிடும். அதற்குத் தீர்வாக 2000-த்தில் ஃப்ரீபிஎஸ்டி கே-க்யூ கொண்டுவந்தது. அடுத்த இரண்டு வருஷத்தில் லினக்ஸுக்கு ஈ-போல் வந்தது. விண்டோஸில் அதே வேலைக்கு வேறு ஏற்பாடு முன்பே இருந்தது. 2004-இல் இகோர் சிசோயேவ் என்ஜின்எக்ஸ் வெப் சர்வரை வெளியிட்ட பிறகு பத்தாயிரம் என்பது சாதாரண எண்ணிக்கையாகிவிட்டது.

2012-இல் வாட்ஸ்அப் ஆட்கள் ஒரே ஃப்ரீபிஎஸ்டி சர்வரில் இருபது லட்சம் இணைப்புகளைப் பிடித்து வைத்துக் காட்டினார்கள். நெட்ஃபிளிக்ஸ் இன்றும் தன் வீடியோவை அனுப்பும் பெட்டிகளில் ஃப்ரீபிஎஸ்டிதான் வைத்திருக்கிறது. விக்கிபீடியாவின் சர்வர்கள் ஒரு காலத்தில் ரெட் ஹாட், ஃபெடோரா என்று கலவையாக இருந்து, 2008 வாக்கில் உபுண்டுவுக்கு வந்து, பிறகு டெபியனுக்குப் போயின. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவின் வெப் சர்வர்கள் நெடுங்காலம் விண்டோஸில் ஓடின. 2016-இல் அவர்களே வெளியிட்ட கணக்குப்படி, நாளுக்கு 20 கோடிக்கு மேல் கோரிக்கைகள் வந்தன. அவற்றைத் தாங்கிய முதன்மை வெப் சர்வர்கள் ஒன்பது.

ஃப்ரீபிஎஸ்டி, லினக்ஸ், விண்டோஸ் என்ற மூன்று குடும்பமும் உலகத்தின் பெரிய தளங்களைச் சுமந்திருக்கின்றன. ஆகவே "எது தாங்கும்?" என்ற கேள்விக்குப் பதில், எல்லாமே தாங்கும்.

அப்படியானால் தளங்கள் ஏன் படுக்கின்றன? எந்தக் கம்பெனியின் உள்ளே என்ன நடந்தது என்பது நமக்குத் தேவையில்லை. பொதுவாகக் காரணம் டேட்டாபேஸில் இருக்கும். 250 வண்டிக்கு ஆயிரக்கணக்கானோர் ஒரே நொடியில் "எனக்கு" என்கிறார்கள். ஸ்டாக் எண்ணிக்கை இருக்கும் அந்த ஒற்றை வரியை எல்லோரும் பூட்டப் பார்க்கிறார்கள். முன்னால் எத்தனை சர்வர் நிறுத்தினாலும் பின்னால் அந்த ஒரு வரியில் வரிசை நிற்கும். கேஷ் போடாத முதல் பக்கம், பதில் சொல்லத் தாமதிக்கும் பேமெண்ட் கேட்வே, இண்டெக்ஸ் இல்லாத டேபிள் ஆகியவை அடுத்த காரணங்கள். இவற்றுக்கு ஓ.எஸ். மாற்றுவது மருந்தாகாது.

ஓ.எஸ். பக்கம் நிஜமான வேறுபாடு ஒன்று உண்டு, சொல்லிவிடுகிறேன். புதிதாக வரும் இணைப்புகள் உள்ளே போகுமுன் கர்னலில் ஒரு வரிசையில் காத்திருக்கும். அந்த வரிசையின் நீளம் லினக்ஸில் நெடுங்காலம் 128 என்றே இருந்தது. 5.4 கர்னலில்தான் 4096 ஆக்கினார்கள். சென்ட்ஓஎஸ் 7-இல் இருந்தது 3.10 கர்னல், ஆகவே 128. அதேபோல ஒரு புராசஸ் ஒரே நேரத்தில் திறந்து வைக்கக்கூடிய ஃபைல்களின் தொடக்க வரம்பு பெரும்பாலான லினக்ஸில் 1024. ஒவ்வொரு இணைப்பும் ஒரு ஃபைலாகக் கணக்காகும் என்பதால் இது சீக்கிரம் முட்டும். இரண்டையும் செட்டிங்கில் ஆளுக்கொரு வரியில் சரிசெய்துவிடலாம். இதற்காக ஓ.எஸ். மாற்றுவதாகச் சொல்லிக் கொட்டேஷன் கொண்டுவரும் வெண்டாரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

பேட்ச் எப்போது வரும், எப்போது போடுவோம்?

வான்னாக்ரை நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் பேட்ச் விட்டது 2017 மார்ச் 14. தாக்குதல் மே 12. நடுவில் இரண்டு மாதம். அடிபட்டவை எல்லாம் கைவிடப்பட்ட விண்டோஸ் எக்ஸ்பி என்று அப்போது பேசினார்கள். ஆனால் மாட்டியவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 என்று பிறகு தெரிந்தது. அன்றைக்கு ஆதரவில் இருந்த ஓ.எஸ். பேட்ச் இருந்தது, போடவில்லை.

ஏன் போடவில்லை என்பது இந்த வட்டாரத்தில் வேலை பார்ப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மூன்று ஷிஃப்ட் ஓடுகிறது. காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து. எந்த மணிக்கு ரீபூட் செய்வது? புரொடக்‌ஷன் மேனேஜரிடம் "சார், பத்து நிமிஷம்" என்று கேட்கப் போனால் அவர் பார்க்கும் பார்வையே தனி. பொங்கல், ஆயுத பூஜை, வருடாந்திர மெயின்டனன்ஸ் ஷட்டவுன், இவைதான் கிடைக்கும் இடைவெளி. ஆயுத பூஜைக்கு சர்வர் ரேக்குக்கும் சந்தனப் பொட்டு வைக்கிறோம். அதே கையோடு பேட்சும் போட்டுவிடுவது எங்கள் பக்கத்தில் சிலர் வழக்கம். ஆனால் வருஷத்துக்கு ஒரு பேட்ச் போதாது.

எனவே ஓ.எஸ். தேர்வில் நான் முதலில் கேட்பது இரண்டு. பேட்ச் எத்தனை வருஷத்துக்கு வரும்? வந்தால், உங்கள் ஆட்கள் பயமில்லாமல் அதே வாரம் போடுவார்களா?

இரண்டாவது கேள்விக்குப் பாதி விடை அமைப்பில் இருக்கிறது. லோடு பேலன்சருக்குப் பின்னால் குறைந்தது இரண்டு வெப் சர்வர் வையுங்கள். ஒன்றை வரிசையிலிருந்து எடுத்து, பேட்ச் போட்டு, ரீபூட் செய்து, சேர்த்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். போர்ட்டல் நிற்காது, யாரிடமும் அனுமதி கேட்டு நிற்கவும் வேண்டாம். உபுண்டுவின் லைவ்பேட்ச் போன்ற வசதிகள் கர்னல் ஓட்டைகளில் சிலவற்றை ரீபூட் இல்லாமலே அடைக்கும். அதை நம்பி ரீபூட்டையே மறந்துவிடக் கூடாது.

ஆதரவுக் காலமும் சென்ட்ஓஎஸ் பாடமும்

ஆட்டோ வட்டாரத்தில் 4எம் மாற்றம் என்றால் எல்லோருக்கும் புரியும். ஆள், மெஷின், மெட்டீரியல், மெத்தட், இந்த நான்கில் எதை மாற்றினாலும் சப்ளையர் முன்கூட்டியே கஸ்டமரிடம் சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும். போல்ட்டுக்குப் பூச்சு போடும் கடையை மாற்றினாலும் சொல்ல வேண்டும். சொல்லாமல் மாற்றினால் லோடு திரும்பி வரும்.

சென்ட்ஓஎஸ் விஷயத்தில் நடந்தது ஒப்புதல் இல்லாத 4எம் மாற்றம். ரெட் ஹாட்டின் காசு கொடுத்து வாங்கும் லினக்ஸை அப்படியே மறுபடி கட்டி இலவசமாகத் தந்த திட்டம் அது. நம் நாட்டில் ஹோஸ்டிங் கம்பெனிகளும் கல்லூரிகளும் ஆலைகளும் அதைத்தான் போட்டு வைத்திருந்தன. 2014-இல் ரெட் ஹாட் அந்தத் திட்டத்தைத் தன் குடைக்குள் கொண்டுவந்தது. சென்ட்ஓஎஸ் 8-க்கு 2029 வரை ஆதரவு என்று எல்லோரும் கணக்குப் போட்டிருந்த நேரத்தில், 2020 டிசம்பர் 8 அன்று அறிவிப்பு வந்தது: 2021 டிசம்பர் 31-உடன் முடிகிறது. அதற்குப் பதில் சென்ட்ஓஎஸ் ஸ்ட்ரீம். அது ரெட் ஹாட்டின் அடுத்த வெளியீட்டுக்கு முன்னோட்டமாக ஓடுவது, வெளியான பிறகு வரும் நகல் அல்ல.

எட்டு வருஷம் மிச்சம் என்று நினைத்தவர்களுக்கு ஒரே வருஷம். பழைய 7-இல் இருந்தவர்களுக்கு 2024 ஜூன் 30 வரை மூச்சுவிட இடம் இருந்தது.

சென்ட்ஓஎஸ்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான கிரிகரி கர்ட்ஸர், மறைந்த சக நிறுவனர் ஒருவரின் பெயரை வைத்து ராக்கி லினக்ஸைத் தொடங்கினார். கிளவுட்லினக்ஸ் கம்பெனி அல்மாலினக்ஸைத் தொடங்கி வைத்தது. இரண்டும் 2021-இல் பயன்பாட்டுக்கு வந்தன. 2023 ஜூனில் ரெட் ஹாட் மூலநிரலைப் பொதுவெளியில் போடுவதைக் குறைத்தபோது மறுபடி ஒரு கலக்கம். அல்மா, வரிக்கு வரி நகல் என்ற குறிக்கோளை விட்டுவிட்டு, ரெட் ஹாட்டில் ஓடும் மென்பொருள் இதிலும் ஓடும் என்ற உறுதியோடு நிறுத்திக்கொண்டது. ராக்கி வேறு வழிகளில் மூலநிரலைப் பெற்று நகல் பாதையிலேயே தொடர்கிறது. இரண்டும் இன்றும் நல்ல நிலையில் இருக்கின்றன. ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகமே அல்மாவைத் தேர்ந்தெடுத்தது.

இலவசம் என்றால் ஆபத்து என்று இதிலிருந்து சொல்ல வரவில்லை. ஆதரவுத் தேதி ஒரு வாக்குறுதி. அதைக் கொடுப்பவர் யார், மாற்றும் அதிகாரம் யாரிடம் என்று பாருங்கள். டெபியனுக்குப் பின்னால் எந்தக் கம்பெனியும் முதலாளி இல்லை. தன்னார்வலர்கள் தங்களுக்குள் ஓட்டுப் போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் அமைப்பு. ஒரு போர்டு ரூமில் உட்கார்ந்து அதன் ஆயுளைக் குறைக்க முடியாது.

தேதிகளைச் சேர்த்துச் சொல்கிறேன். டெபியன் 12 வந்தது 2023 ஜூனில், நீட்டிப்போடு சேர்த்து 2028 வரை. டெபியன் 13 வந்தது 2025 ஆகஸ்டில், அதே கணக்கில் 2030 வரை. உபுண்டு எல்.டி.எஸ். இரண்டு வருஷத்துக்கு ஒன்று ஏப்ரலில் வரும், ஐந்து வருஷம் இலவச ஆதரவு, உபுண்டு புரோ சந்தாவில் பத்து. அல்மா, ராக்கி 9 இரண்டும் 2032 வரை. விண்டோஸ் சர்வர் 2022-க்கு 2031 அக்டோபர். 2012 ஆர்2 ஆதரவு 2023 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. இன்னும் அதில் வெப்சைட் வைத்திருப்பவர்கள் இந்தப் பதிவை மூடிவிட்டு அந்த வேலையைப் பாருங்கள்.

ரொம்பப் புதிதும் வேண்டாம்

சில இளம் அட்மின்கள் நேர் எதிர்ப் பக்கம் நிற்பார்கள். எப்போதும் கடைசி வெர்ஷன், ஆர்ச் லினக்ஸ், ஃபெடோரா. லேப்டாப்பில் வைத்துக்கொள்ளட்டும். 2024 மார்ச் 29 அன்று ஆன்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற எஞ்சினியர் ஒரு விஷயத்தை வெளியிட்டார். எஸ்.எஸ்.எச். லாகின் அரை விநாடி தாமதமாவதைக் கவனித்துத் துருவியதில், எக்ஸ்இசட் என்ற சாதாரண சுருக்கும் கருவிக்குள் யாரோ வருஷக்கணக்கில் நம்பிக்கை சம்பாதித்து ஒரு பின்வாசல் வைத்திருந்தது தெரிந்தது. அது போய்ச் சேர்ந்த இடங்கள் டெபியனின் சோதனைக் கிளைகள், ஃபெடோராவின் முன்வெளியீடுகள் போன்றவை. டெபியன் ஸ்டேபிள், ரெட் ஹாட் என்டர்பிரைஸ், உபுண்டுவின் வெளியான பதிப்புகள் எதிலும் அது நுழையவில்லை. மெதுவாக நகரும் பதிப்புகளைக் கிண்டல் செய்பவர்கள் அந்த வாரம் அமைதியாக இருந்தார்கள்.

டாக்கர் போட்டுவிட்டால் ஓ.எஸ். பேச்சே தேவையில்லை என்பது அடுத்த வாதம். கன்டெய்னருக்குக் கர்னல் அடியில் இருக்கும் சர்வருடையது. உள்ளே இருக்கும் லைப்ரரிகள் இமேஜுடையவை. ஆக இப்போது பேட்ச் போட இரண்டு இடம். அதிலும் ஆல்பைன் இமேஜ் சிறியது என்று எடுப்பவர்கள், அதன் அடிப்படை சி லைப்ரரி மற்றதிலிருந்து வேறு என்பதைக் கவனியுங்கள். டி.என்.எஸ். விஷயத்தில் விசித்திரமாக நடந்துகொள்ளும், காரணம் கண்டுபிடிக்க ராத்திரி போய்விடும்.

ஆள் கிடைப்பாரா?

இதைத்தான் கொட்டேஷனில் யாரும் எழுதுவதில்லை. ஃப்ரீபிஎஸ்டி அருமையான ஓ.எஸ்., நானும் ரசிகன். ஆனால் ஸ்ரீபெரும்புதூரில் ராத்திரி இரண்டு மணிக்கு போர்ட்டல் விழுந்தால் அதைத் தெரிந்த இன்னொருவரை எழுப்ப வேண்டும். அவர் சென்னையிலும் கிடைப்பது அரிது. வாட்ஸ்அப்பே ஃபேஸ்புக் வாங்கிய சில வருஷங்களில் லினக்ஸுக்கு நகர்ந்துவிட்டது. பெரிய வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது எதுவோ அதுதான் ஜெயிக்கும்.

தமிழ்நாட்டில் டெபியன், உபுண்டு வழி ஆட்கள் கிடைப்பதற்கு ஒரு பின்னணி உண்டு. 2000-களின் பிற்பகுதியில் உமாசங்கர் ஐ.ஏ.எஸ். மாநில அரசின் எல்காட்டில் நிர்வாக இயக்குநராக இருந்தபோது அந்த நிறுவனம் சூசே லினக்ஸைக் கையிலெடுத்தது. மத்திய அரசின் சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் டெபியன் அடிப்படையில் அமைந்தது. அரசு இலவச லேப்டாப்புகளில் விண்டோஸோடு அதுவும் சேர்ந்து வந்தது. 2014-இல் எக்ஸ்பி ஆதரவு முடிந்ததும் அரசுத் துறைகளில் பாஸ் போடச் சொல்லி மாநில அரசு அறிவுறுத்தியது. டெஸ்க்டாப்பில் அந்த முயற்சி எவ்வளவு நின்றது என்பது வேறு விவாதம். ஆனால் கறுப்புத் திரையைப் பார்த்து மிரளாத பசங்க இங்கே இருப்பதில் இதற்கும் ஒரு பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

சரி, முடிவு

தம்பிக்குச் சொன்னதைச் சொல்கிறேன். தளம் பி.எச்.பி., பைத்தான், ஜாவா, நோட் எதில் இருந்தாலும், தடுக்கும் காரணம் ஒன்றும் இல்லையென்றால் டெபியன் ஸ்டேபிள். காசு கொடுத்தால் போன் எடுக்கும் ஒரு கம்பெனி வேண்டும் என்று நிர்வாகம் கேட்டால் உபுண்டு எல்.டி.எஸ். வாங்கிய மென்பொருள் ஏதாவது "ரெட் ஹாட்டில் மட்டும் ஆதரவு" என்று எழுதியிருந்தால், உற்பத்தியைத் தொடும் இடத்தில் ரெட் ஹாட்டே வாங்குங்கள், மற்ற சர்வர்களுக்கு அல்மா அல்லது ராக்கி.

விண்டோஸை ஒதுக்கச் சொல்ல மாட்டேன். இந்த வட்டாரத்தில் பல ஆலைகளின் உள் மென்பொருள் பழைய ஏ.எஸ்.பி. டாட் நெட்டில் இருக்கிறது, எழுதியவர்கள் இன்னும் வேலையில் இருக்கிறார்கள். அதை உடைத்து லினக்ஸுக்குக் கொண்டுவர ஆகும் செலவு உரிமக் காசைவிட அதிகமாகலாம். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 2016 பதிப்பிலிருந்து உரிமம் கோர் எண்ணிக்கையில், ஒரு சர்வருக்குக் குறைந்தது 16 கோர். எஸ்க்யூஎல் சர்வர் தனி. புதிதாக எழுதுவதாக இருந்தால், 2016-லிருந்து டாட் நெட்டே லினக்ஸிலும் ஓடுகிறது, 2017 பதிப்பிலிருந்து எஸ்க்யூஎல் சர்வரும் ஓடுகிறது. சி ஷார்ப் தெரிந்த அணியை வைத்துக்கொண்டே விண்டோஸ் உரிமத்தைத் தவிர்க்கலாம்.

தம்பி கடைசியில் டெபியன் எடுத்தார். நான் கூடவே கேட்டுக்கொண்டது ஒன்று: பர்ச்சேஸ் ஆர்டரில் சர்வர் வாரண்டி தேதிக்குக் கீழே ஓ.எஸ். ஆதரவு முடியும் தேதியையும் எழுதுங்கள், அதற்கு ஒரு வருஷம் முன்னால் மாற்றத்துக்கான பட்ஜெட்டை இப்போதே கேட்டு வையுங்கள். ஃபைனான்ஸில் கேள்வி கேட்பார்கள். ரெனோ-நிசான் ஆலையில் 2017-இல் என்ன நடந்தது என்று காட்டுங்கள், கையெழுத்துக் கிடைத்துவிடும்.

உங்கள் கம்பெனியில் எந்த ஓ.எஸ்., எத்தனை நாளுக்கு ஒருமுறை பேட்ச் போடுகிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். கம்பெனி பெயர் மட்டும் வேண்டாம், ஹேக்கர்களும் தமிழ் படிக்கிறார்கள்.